மாமியார் உடைத்தால் மண்குடம்



மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நம் தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. குடம் ஒன்றுதான். உடைந்ததும் ஒரே மாதிரிதான். ஆனால் உடைத்தவர் முகத்தைப் பார்த்து அதற்கு விலை போடுகிறார்கள். இது ஒரு வீட்டுக்குள் நடந்தால் மனத்தாங்கலோடு போய்விடும். நாட்டின் சட்டத்துக்குள் இது புகுந்துவிட்டால் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

பொதுப் பதவியில் இருப்பவர்கள் கையூட்டு வாங்குவது ஒரு தீமை. அப்படி வாங்கியவர்களுள் யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று ஆள் பார்த்து முடிவு செய்வது மற்றொரு தீமை. முதல் தீமையைப் பற்றிக் கோப்பிக்கடையிலும் கோயில் வாசலிலும் நாம் நிறையப் பேசுகிறோம். இரண்டாவது தீமை அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏனென்றால், அது நடக்கும்போது சட்டம் வேலை செய்வதுபோலவே தோன்றும். யாரோ ஒருவர் கைது செய்யப்படுவார். பத்திரிகையில் படம் வரும். நாமும் நீதி நிலைநாட்டப்பட்டது என்று நிம்மதி அடைவோம். விடப்பட்டவர் யார் என்று கேட்க நமக்குத் தோன்றாது.

தோட்டத்தில் வேலை செய்யும் நமக்கு இதை விளக்க அதிகத் தூரம் போக வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டத்தில் காய்க்குலையை வெட்டக்கூடாது என்பது விதி. பழுக்காத குலையில் எண்ணெய் குறைவு என்பதால் அந்த விதியில் நியாயம் உண்டு. குலைகளைச் சோதிப்பவர், காய்க்குலை வெட்டிய ஒருவர் பெயரை மட்டும் எழுதி அபராதம் போடுகிறார்; அதே காய்க்குலையை வெட்டிய தம் மைத்துனர் பெயரை எழுதாமல் விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அபராதம் கட்டியவர் தவறு செய்தாரா? செய்தார். அவருக்கு நீதி கிடைத்ததா? கிடைக்கவில்லை. இந்த இரண்டு விடைகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இன்றைய நம் பேச்சின் உயிர் இதில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் ஊழலைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. 1961ஆம் ஆண்டில் ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. 1967இல் ஊழலை ஒழிப்பதற்கென்றே தனி இலாகா அமைக்கப்பட்டது. 1997இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி, எஸ்.பி.ஆர்.எம். என்று நாம் அழைக்கும் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் இயங்கி வருகிறது. அந்த ஆணையத்தின் சட்டப்படி, கையூட்டுக் குற்றத்துக்கு 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. அத்துடன், வாங்கிய தொகையைப்போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு சொல்கிறது.

சட்டம் பெரிய மனிதர்களைத் தொட்டதே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிலாங்கூர் மந்திரி புசாராக இருந்த ஹருண் இட்ரிஸ், 1976ஆம் ஆண்டிலேயே ஊழல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார். அந்தக் காலத்து வானொலிச் செய்தியைக் கேட்டவர்கள் நம்மிடையே இன்றும் இருப்பார்கள்.

ஆகவே, சட்டம் இருக்கிறதா என்பது இங்கே கேள்வி ஆகாது. அதைக் கையில் எடுப்பவர் யார், யார்மீது எடுக்கிறார் என்பதுதான் கேள்வி.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நடைமுறையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்கலாம், சாட்சியங்களைத் திரட்டலாம், கோப்பைத் தயாரிக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதா, வேண்டாமா என்பதை அந்த ஆணையம் முடிவு செய்வதில்லை. 1957ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் 145ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவரிடம் ஒப்படைத்தது. வழக்கைத் தொடங்கவும், நடத்தவும், இடையிலேயே நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் தரப்பட்டது. அதே மனிதர்தான் அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசகராகவும் இருக்க வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. பிரதமரின் ஆலோசனையின்பேரில் மாமன்னர் அவரை நியமிப்பார். ஒரு வீட்டுக்குக் கணக்குப்பிள்ளையாக இருப்பவரையே அந்த வீட்டின் திருட்டை விசாரிக்கச் சொன்னால் அவர் எவ்வளவு சங்கடப்படுவார்! அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், ஊர் அவரை நம்பத் தயங்கும். இந்த இரண்டு பணிகளையும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்து வந்தது இதனால்தான்.

இனி, நம் நாட்டில் நடந்த சில நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். எல்லாம் நாடறிந்த செய்திகள்.

2007ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஓர் ஒளிப்பதிவு வெளியாயிற்று. 2001ஆம் ஆண்டில் வி.கே. லிங்கம் என்ற பிரபல வழக்கறிஞர் தொலைபேசியில் பேசுவதை அது காட்டியது. யாரை நீதிபதியாக்குவது, யாரை உயர்த்துவது என்பது பற்றி அவர் உயர்ந்த நீதிபதி ஒருவருடன் பேசுவதாக அந்தப் பேச்சு அமைந்திருந்தது. நேயர்களே, வழக்கறிஞர் தொழிலுக்கு ஓர் ஒழுக்கநெறி உண்டு. தீர்ப்புச் சொல்பவரைத் தேர்ந்தெடுப்பதில் வழக்காடுபவர் கை வைக்கலாகாது. பந்தாட்டத்தில் ஒரு குழுவின் தலைவரே நடுவரைப் பொறுக்கி எடுத்தால் அந்த ஆட்டத்தை யார் மதிப்பார்கள்?

அந்த மாதம் 26ஆம் நாள், ஏறக்குறைய 2,000 வழக்கறிஞர்கள் கறுப்பு உடையோடு புத்ராஜெயாவில் பிரதமர் அலுவலகத்துக்கு நடந்து சென்றார்கள். விசாரணை வேண்டும் என்று கேட்டார்கள். 2008இல் அரச விசாரணை ஆணையம் கூடியது. அந்த ஒளிப்பதிவு உண்மையானதே என்று அது முடிவு செய்தது. முன்னாள் தலைமை நீதிபதிகள் இருவர் உட்பட ஆறு பேர்மீது நடவடிக்கை எடுப்பதற்குப் போதிய காரணம் உண்டு என்றும் பரிந்துரைத்தது. அதன்பின் என்ன நடந்தது? அந்த ஆறு பேரில் ஒருவர்மீதும் அதற்காக வழக்குத் தொடுக்கப்படவில்லை. வழக்கறிஞர்களின் ஒழுங்கு நடவடிக்கை வாரியம் மட்டும் தன் கடமையைச் செய்தது. 2015ஆம் ஆண்டு நவம்பரில் அது லிங்கத்தின் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கியது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் இருந்தவருக்கு, அவர் தொழிலைச் சேர்ந்தவர்களே எட்டு ஆண்டுகள் கழித்துத் தண்டனை கொடுத்தார்கள். மறுமுனையை யாரும் நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. ஆணையம் சொன்னது சரியா, தவறா என்பதை ஒரு நீதிமன்றம் ஆராய்ந்து தீர்ப்பளித்திருந்தால், குற்றமற்றவர்களுக்கும் அது நன்மையாக முடிந்திருக்கும். வழக்கு இல்லாமல் போனதால் சந்தேகம் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் ஒரு நன்மையும் விளைந்தது. நீதிபதிகளைப் பரிந்துரைப்பதற்கென்று 2009ஆம் ஆண்டில் நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. வெயிலில் நடந்தவர்களின் கால்கள் வீணாக நடக்கவில்லை.

அடுத்த நிகழ்ச்சி இன்னும் பெரியது. எஸ்.ஆர்.சி. இன்டர்நேஷனல் என்ற அரசாங்க நிறுவனத்தின் பணம் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி, அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக்கின் வங்கிக் கணக்குகளுக்குப் போனது பற்றி 2015ஆம் ஆண்டில் விசாரணை நடந்தது. அந்த ஆண்டு ஜூலை மாத இறுதியில் சட்டத்துறைத் தலைவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். உடல்நலம் காரணம் என்று அறிவித்தார்கள். புதிதாக ஒருவர் வந்தார். 2016ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், பிரதமர் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று அவர் அறிவித்தார். விசாரணைக் கோப்புகளை மூடும்படியும் சொன்னார்.

2018ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் பொதுத் தேர்தல் நடந்தது. 1957க்குப் பிறகு முதன்முறையாக ஆளும் கூட்டணி மாறியது. இரண்டே மாதத்துக்குள், ஜூலை 4ஆம் நாள், அதே எஸ்.ஆர்.சி. பணத்துக்காக நஜிப்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஜூலை 28இல் உயர்நீதிமன்றம் ஏழு குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்றது. 12 ஆண்டுகள் சிறையும் 21 கோடி வெள்ளி அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 டிசம்பரிலும், கூட்டரசு நீதிமன்றம் 2022 ஆகஸ்டு 23ஆம் நாளிலும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தன. அன்றே அவர் காஜாங் சிறைக்குச் சென்றார். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் மன்னிப்பு வாரியம் சிறைத்தண்டனையை ஆறு ஆண்டுகளாகவும் அபராதத்தை 5 கோடி வெள்ளியாகவும் குறைத்தது.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2016இல் இருந்த சட்டம்தான் 2018இலும் இருந்தது. பணம் அதே பணம். மனிதர் அதே மனிதர். மாறியது சட்டத்தைப் பிடித்திருந்த கைதான். மக்கள் ஒரு தேர்தலில் வாக்களித்த பிறகுதான் அந்தக் கோப்பு திறக்கப்பட்டது என்றால், தேர்தல் முடிவு வேறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்க நாம் எந்தக் கட்சியையும் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நாம் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். "என்னை மட்டும் பிடித்தீர்களே, அவனை விட்டீர்களே" என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் சொல்வதுண்டு. நஜிப்பின் ஆதரவாளர்களும் அப்படிச் சொன்னார்கள். அடுத்தவர் விடப்பட்டார் என்பது ஒருவரைக் குற்றமற்றவர் ஆக்கிவிடாது. அந்த வழக்கை உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியும், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூவரும், கூட்டரசு நீதிமன்றத்தில் ஐவரும் கேட்டார்கள். ஒன்பது நீதிபதிகளும் சாட்சியத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். காய்க்குலை வெட்டியவர், மைத்துனருக்கு அபராதம் இல்லையே என்று கேட்பது நியாயம். ஆகவே எனக்கும் வேண்டாம் என்று கேட்டால் தோட்டம் முழுவதும் காய்க்குலையாகத்தான் விழும். ஆள் பார்க்கும் நீதிக்கு மருந்து ஒன்றே ஒன்றுதான். பிடித்தவரை விடக்கூடாது, விட்டவரையும் பிடிக்க வேண்டும்.

இது ஒரு தரப்பின் நோய் மட்டும்தானா? அப்படியும் இல்லை. பினாங்கு முதலமைச்சராக இருந்த லிம் குவான் எங்மீது, ஒரு பங்களா வீடு வாங்கியது தொடர்பாக 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஊழல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2018இல் ஆட்சி மாறி அவர் நிதியமைச்சர் ஆனார். அந்த ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் அரசுத்தரப்பு வழக்கைக் கைவிட, நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மற்றொரு பக்கம், அகமட் ஸாஹிட் ஹமிடிமீது ஓர் அறவாரியத்தின் பணம் தொடர்பாக 47 குற்றச்சாட்டுகள் இருந்தன. 2022ஆம் ஆண்டு ஜனவரியில், எதிர்வாதம் செய்யும்படி உயர்நீதிமன்றம் அவருக்கு உத்தரவிட்டது. அந்த ஆண்டு இறுதியில் அவர் துணைப் பிரதமர் ஆனார். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், அரசுத்தரப்பு கேட்டுக்கொண்டதற்கிணங்க, குற்றமற்றவர் என்ற தீர்ப்பு இல்லாமலே அவர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

இவர்கள் குற்றம் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது. சாட்சியம் முழுவதையும் எடைபோட்டு ஒரு நீதிபதி சொல்ல வேண்டிய முடிவு சொல்லப்படாமலே போயிற்று. வழக்கைக் கைவிட நல்ல காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு முறையும், குற்றம் சாட்டப்பட்டவர் அமைச்சரவையில் இருக்கும்போது அது நடந்தது. பார்ப்பவர்கள் கண்ணில் அதுதான் படும். நீதி செய்யப்பட்டால் மட்டும் போதாது. செய்யப்பட்டது என்று கடைக்கோடி மனிதனும் நம்ப வேண்டும்.

உண்மையைச் சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மாட்டுப் பண்ணைத் திட்டம் ஒன்றுக்கு அரசாங்கம் 25 கோடி வெள்ளி கடன் கொடுத்திருந்தது. அந்தத் திட்டத்தைக் கணக்காய்வாளர் அறிக்கை குறை கூறியது. அதைத் தொடர்ந்து 2012ஆம் ஆண்டில், அந்த நிறுவனம் தொடர்பான வங்கிக் கணக்கு விவரங்களை ரஃபிஸி ரம்லி வெளியிட்டார். நிறுவனத்தின் தலைவர்மீது வழக்கு வந்தது, 2015இல் அரசுத்தரப்பு அதைக் கைவிட்டது, அவர் விடுதலையானார். ஆனால் வங்கி இரகசியத்தை வெளியிட்டதற்காக ரஃபிஸிக்கும், ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்கும் 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் தலா 30 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு நவம்பரில்தான் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அந்த ஏழு ஆண்டுகள் ஒரு சாதாரணக் குமாஸ்தாவின் குடும்பத்துக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்று தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பக்கத்து நாடான சிங்கப்பூரில் நடந்த ஒன்றையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன், பதவியில் இருந்தபோதே விசாரிக்கப்பட்டார். கார்ப் பந்தய நுழைவுச்சீட்டு, நாடகச் சீட்டு, மதுபானம், சைக்கிள் போன்ற பொருள்களை, தம் பணியோடு தொடர்புடைய தொழிலதிபர்களிடமிருந்து பெற்றார் என்பது வழக்கு. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் அவருக்கு 12 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அரசுத்தரப்பு கேட்டதைவிட நீதிபதி கூடுதலாகவே விதித்தார். அந்தப் பொருள்களுக்குப் பதிலாக அவர் என்ன சலுகை கொடுத்தார் என்று காட்ட வேண்டிய தேவையே அந்தக் குற்றச்சாட்டில் இல்லை. தண்டனைச் சட்டத்தின் 165ஆவது பிரிவு, பணியோடு தொடர்புடையவரிடம் அரசாங்க ஊழியர் விலையின்றிப் பொருள் பெறுவதையே குற்றமாக்குகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் எழுதப்பட்ட அந்தப் பிரிவு நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்திலும் அதே எண்ணில் இருக்கிறது. ஆளும் கட்சியின் அமைச்சர்மீது, அந்த ஆட்சி இருக்கும்போதே சட்டம் பாய முடியும் என்பதற்கு இது ஒரு சான்று. நம்மவர் என்று பெருமைப்பட்டவர் வீழ்ந்ததில் தமிழர்களுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் நம்மவர் என்பதற்காக விடச் சொன்னால், மைத்துனர் பெயரை மறைத்தவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

நேயர்களே, இவையெல்லாம் பெரிய இடத்து விவகாரங்கள், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நமக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். மேலே நடப்பதைப் பார்த்துக் கீழே மனம் மாறுகிறது. கோடிக்கணக்கில் எடுத்தவனே வெளியே நடமாடுகிறான், நான் 50 வெள்ளி வாங்கினால் என்ன என்று முகப்பில் இருப்பவர் நினைக்கிறார். அவனே கொடுத்துத்தான் வாங்குகிறான், நான் 50 வெள்ளி கொடுத்தால் என்ன என்று வரிசையில் நிற்பவர் நினைக்கிறார். இந்த இரண்டு நினைப்பும் சந்திக்கும் இடத்தில்தான் கோப்பிக் காசு பிறக்கிறது.

நம் வாழ்க்கையில் இது எங்கே வந்து நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க வேண்டும். பாட்டியின் சிவப்பு அடையாளக் கார்டை மாற்ற வேண்டும். மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட வேண்டும். மகனுக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். பதிவிலாகா வாசலில் ஒருவர் வந்து, "எனக்கு உள்ளே ஆள் தெரியும் அண்ணே, 300 வெள்ளி கொடுங்கள், ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்பார். வேலையை விட்டு நான்கு முறை நகரத்துக்கு அலைவதைவிட இது மலிவு என்று தோன்றும். கொடுப்போம். சில வேளை வேலை நடக்கும். பல வேளை ஆளும் காசும் ஒன்றாகக் காணாமற்போவார்கள். வேலை நடந்தாலும், அந்த 300 வெள்ளி இல்லாத விதவைத் தாயின் மனு அடியில் போய்விடுகிறது. அவள் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் பத்திரம் இல்லாமல் நிற்கிறது. நாம் கொடுத்த காசு வேறு யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஆள் பார்த்து நடக்கும் சட்டம் எப்போதும் எளியவரைத்தான் முதலில் பிடிக்கும். பெரியவரிடம் நல்ல வழக்கறிஞர் உண்டு, தொலைபேசி எண் உண்டு, காத்திருக்கப் பணம் உண்டு. நம்மிடம் இவற்றுள் எதுவும் இல்லை. கையூட்டைக் கேட்பது மட்டும் குற்றம் ஆகாது, கொடுப்பதும் குற்றமே. ஆகவே "எல்லாரும் கொடுக்கிறார்கள்" என்று நாமும் கொடுத்து, என்றாவது ஒருநாள் சோதனை வந்தால், அகப்படுபவர்கள் பட்டியலில் நம் பெயர் மேலே இருக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? சில வழிகளை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, அரசாங்க அலுவலகத்தில் எந்தக் கட்டணம் கட்டினாலும் ரசீது கேட்போம். ரசீது தர மறுக்கும் கட்டணம் கட்டணமே ஆகாது.

இரண்டாவது, தனியே போகாமல் படித்த பிள்ளை ஒருவரையோ, தொழிற்சங்கத் தோழரையோ, பள்ளி ஆசிரியரையோ உடன் அழைத்துச் செல்வோம். பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துவிட்டால் வெளியே நிற்கும் ஏஜெண்டுக்கு வேலையில்லை. மனுவின் நகல் ஒன்றை எப்போதும் வீட்டில் வைத்திருப்போம்.

மூன்றாவது, யாராவது காசு கேட்டால், நாள், நேரம், அலுவலகம், கேட்டவர் பெயர், கேட்ட தொகை ஆகியவற்றை அன்றே எழுதி வைப்போம். கையூட்டுக் கேட்கப்பட்டவர் அதை ஆணையத்திடமோ போலீசிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொல்கிறது. தகுந்த காரணமின்றித் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-88-6000.

நான்காவது, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வோம். தகவல் கொடுப்பவரைப் பாதுகாக்க 2010ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்தப் பாதுகாப்பு, ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்கத் துறையிடம் தகவல் கொடுப்பவருக்கே கிடைக்கும். கைத்தொலைபேசியில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, நான் புகார் செய்துவிட்டேன் என்று இருந்தால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. பொய்ப் புகாரும் கூடாது. பகையைத் தீர்க்கப் புகார் எழுதுவதும் ஆள் பார்த்து நீதி செய்வதுதான்.

ஐந்தாவது, வாக்குச் சீட்டு. தேர்தல் நேரத்தில் அரிசி மூட்டையும் 50 வெள்ளியும் வந்தால், அது நம் வாக்குக்கு விலை. வாக்கை விற்றவர், வாங்கியவரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு எந்தக் கேள்வியும் கேட்க முடியாது.

கடைசியாக, நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். வகுப்பில் ஆசிரியர் இல்லாத நேரத்தில், பேசும் மாணவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலையை மானிட்டரிடம் ஒப்படைப்பது பள்ளிகளில் வழக்கம். சில நாள்களுக்குள் ஒரு குழந்தை எழுந்து, "சார், அவன் கூட்டாளி பேசினா மட்டும் எழுத மாட்டான்" என்று சொல்லும். அந்தக் குழந்தைக்கு அரசியலமைப்புச் சட்டம் தெரியாது. 8ஆவது பிரிவும் 145ஆவது பிரிவும் தெரியாது. ஆனால் நீதி எது என்று தெரிந்திருக்கிறது. அந்தக் குழந்தையைச் "சும்மா உட்கார்" என்று ஆசிரியர்களாகிய நாங்கள் அடக்கிவிட்டால், அது வளர்ந்து தனக்கும் ஒரு கூட்டாளியைத் தேடிக்கொள்ளும். கேட்ட கேள்விக்கு மதிப்புக் கொடுத்து, விடுபட்ட பெயரையும் எழுதச் சொன்னால், அது வளர்ந்து நல்ல குடிமகனாகும். ஒருவேளை, நல்ல நீதிபதியாகவும் ஆகும்.

வீட்டிலும் அப்படியே. அண்ணன் செய்தால் ஒரு நியாயம், தம்பி செய்தால் ஒரு நியாயம். மகன் செய்தால் சிரிப்பு, மகள் செய்தால் அடி என்று நடக்கும் வீட்டிலிருந்து, எல்லாருக்கும் ஒரே நியாயம் கேட்கும் பிள்ளை எப்படி வரும்? தன் மகனென்றும் பாராமல் கன்றை இழந்த பசுவுக்கு நீதி செய்தான் என்று ஒரு சோழ மன்னனைப் பற்றி நம் பாட்டிமார் கதை சொன்னார்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, மன்னனின் வீரத்தோடு நிறுத்திவிடாமல், அந்தப் பசு மணியை அடிக்க முடிந்ததே, அந்த மணி அரண்மனை வாசலில் எல்லாருக்கும் எட்டும்படி தொங்கியதே, அதையும் எடுத்துச் சொல்லுங்கள். நம் நாட்டிலும் மணி இருக்கிறது. கயிற்றைப் பிடித்து இழுக்க நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.